நூல்கண்டு வைத்த கல்

மே 4

என் பொடிசு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். ஐந்தாவதோடு நின்றவளுக்கு வேறு எப்படித் தெரியும்? அதனால் கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்ல வேண்டாம்.

மார்ச்சில் நீ போனதிலிருந்து உன் போனைச் சார்ஜில் மட்டும் போட்டு வைத்திருந்தேன், அணைந்துவிடக் கூடாதென்று. உன் சித்தி, "அதைத் தூக்கி உள்ளே வை அக்கா, பார்க்கப் பார்க்க வயிறு எரியும்" என்கிறாள். இன்றைக்குத்தான் திறந்தேன். நீ விரலை இழுக்கிற விதம் எனக்குப் பாடம்.

அதற்குள் உன் ஆற்றங்கரை விளையாட்டு அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர், உனக்கு நூல்கண்டு. யார் எந்த ஊரோ! சாப்பிடும்போது கூட "இரும்மா, மண்ணு சுமக்கிறேன்" என்பாயே. "நிஜ வீட்டுல ஒரு குடம் தூக்க மாட்டே, அங்க மண்ணு சுமக்கிறியா" என்று நான் திட்டுவேன். அங்கே உன் பச்சைக் கதவு வீட்டு வாசலில் புல் மண்டிக் கிடந்தது. கூட்டலாமே என்று ஒன்றை எடுத்தேன். அது துடைப்பம் இல்லையடி, அரிவாள். வேலி பாதி போய்விட்டது.

அந்த வீட்டுத் தபால் பெட்டியில் படகு என்று ஒருவர் போட்ட கடிதம் கிடக்கிறது. நான் எழுதும் இதையும் அதே பெட்டியில்தான் போடுகிறேன். உன் வீடு, உன் பெட்டி.

எனக்கு ஒரு நாள்தான் துணை. பிப்ரவரி ஏழு. கடையில் தையல் மெஷின் மோட்டார் எரிந்து, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினார்கள். அரை நாள் சம்பளம் போனதால் தேதி மறக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கிக்கொண்டு வந்தாய். "ஒண்ணும் இல்லம்மா, ரத்தம் கம்மியாம். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று சிரித்தாய். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றாய். எத்தனை மாதம் கழித்து நீ அப்படிக் கேட்டாய்! அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, அந்த ஒரு சாப்பாட்டை நினைத்துத்தான் நான் நாளை ஓட்டுகிறேன்.

உன் அம்மா


ஏப்ரல் 26

நூல்கண்டு,

எங்கே தொலைந்தாய்? கல்லை வைத்துவிட்டு, காரணம் அப்புறம் சொல்கிறேன் என்றாய். அந்த அப்புறம் எப்போது வரும்?

வெளி உலகத்தை இங்கே யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை என்பது நம் ஏற்பாடு. அதனால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். கல்லைப் பற்றி மட்டும் கேட்கிறேன். ஆகஸ்டில் ஆறு ஏறும். அதற்குள் கரை கட்டியாக வேண்டும். பத்துப் பேர் கை தூக்கியாயிற்று. உன் கல் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. எடு, இல்லாவிட்டால் காரணம் சொல். கொல்லர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். பல் தேய்ந்தால் செலவு உன் தலையில்தானாம்.

படகு


மே 6

படகுக்காரர் அவர்களுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

உங்கள் கடிதம் பார்த்தேன். தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருந்தது. கல் என்று எழுதியிருந்தீர்கள். அது என்ன, எதற்கு வைத்தது என்று கொஞ்சம் மறதியாக இருக்கிறது. புரிகிற மாதிரி எழுதுங்கள். வேலியைத் தெரியாமல் வெட்டிவிட்டேன். அதற்கும் யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனையாமல் இருங்கள்.

இப்படிக்கு,
நூல்கண்டு


மே 8

நூல்கண்டு வீட்டுக்கு,

வணக்கம். என் உடம்பைக் கேட்டிருந்தீர்கள். முழங்கால்தான் தொந்தரவு, மற்றபடி ஓடுகிறது. இங்கே என் உடம்பை யாரும் கேட்டதில்லை, அதனால் என்ன பதில் எழுதுவது என்று கொஞ்சம் திணறிவிட்டேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே தலைவர் கிடையாது. பெரிய வேலை எதுவானாலும் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால், கூட்டம் போடும் திடலில் அவர் ஒரு கல் வைக்கலாம். அது அங்கே இருக்கும்வரை வேலை நடக்காது. வைத்த கைதான் அதை எடுக்க வேண்டும்.

இப்போது திட்டம் என்னவென்றால், கரையை நேராக ஒரே கோட்டில் கட்டுவது. மண் குறைவாகச் செலவாகும், சீக்கிரம் முடியும். ஆனால் ஆமை என்பவரின் வீடு கரைக்கு வெளியே போய்விடும், வெள்ளத்தில் கரைந்துவிடும். ஆமை இந்தப் பக்கம் வந்தே வெகுகாலம் ஆகிறது. வராதவர் வீடுதானே என்று எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். கல் வைக்கப்பட்டது அப்போதுதான்.

வேலியைக் கொல்லர் சரி செய்து தருகிறார். "அரிவாளை யார் கையில கொடுத்தது" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

படகு


மே 21

படகுக்காரர் அவர்களுக்கு,

முழங்கால் தேவலையா? வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுங்கள். படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். உட்கார்ந்தே பார்க்கிற வேலையாக இருந்தால் நடுவில் எழுந்து நடங்கள். நானும் மெஷினில் உட்காருகிற

ஆள்தான்.

(விரல் பட்டு வரி உடைந்துவிட்டது. எப்படி ஒட்டுவது என்று தெரியவில்லை.)

கொல்லருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். வேலி நேராக நிற்கிறது. தினமும் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். யார் என்று தெரிந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஆமை நூல்கண்டுக்கு ரொம்ப வேண்டியவரா? இன்னொன்று, ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். கல் வைத்த ஆள் இனிமேல் வரவே மாட்டார் என்றால் அந்தக் கல் என்ன ஆகும்? எந்தத் தேதியில் வைத்தது என்றும் பார்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
நூல்கண்டு


ஜூன் 9

நூல்கண்டு வீட்டுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், கேட்கிறது. பதில் எழுதச் சுணங்கியது முழங்காலால் இல்லை. இரண்டாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முதல் கேள்வி. ஆமைக்கும் நூல்கண்டுக்கும் ஆகவே ஆகாது. ஆமை இவள் தோட்டத்துப் பூசணிக்காயைத் திருடி, அதை மெதுவாக உருட்டிக்கொண்டே போனதால் பாதி வழியில் பிடிபட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவருக்காக இவள் கல் வைத்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை.

இரண்டாவது. வராமல் இருப்பது வேறு, போய்விடுவது வேறு. வராமல் இருந்தால் கல் நிற்கும். போய்விட்டார் என்று அவரோ, அவரைச் சேர்ந்தவரோ வந்து சொல்லிவிட்டால், அன்றைக்கே கல் விழுந்து மறைந்துவிடும். யாரும் எதுவும் சொல்லாதவரை நிற்கும்.

நான் உங்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். கரை இல்லாமல் ஆறு ஏறினால் முதலில் போவது துறைக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீடு. இதை உங்களை அவசரப்படுத்த எழுதவில்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது நல்லது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது விதைக்காரி. கல் வைத்த நாளைக் கூட்டம் கூடும்போது பார்த்துச் சொல்கிறேன்.

படகு


ஜூன் 11

பொடிசு,

சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன் என்று உன் சித்தியிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நீயும் காட்டிக் கொடுக்காதே.

இன்றைக்கு ஒரு பேன்ட்டுக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். கடைக்காரர், "இதைப் போட்டுக்கிறவன் தலைகீழா நடக்கணுமாம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என்ன செய்யச் சொல்கிறாய்? கல்லை நான் ஒரு விரலில் எடுத்துவிடலாம். போனுக்கு எந்த விரல் என்று தெரியுமா? ஆனால் அது நீ வைத்தது. நீ கடைசியாக "வேண்டாம்" என்று சொன்னது. காரணம் தெரியாமல் அதை எப்படி எடுப்பேன்? சரி, உண்மையைச் சொல்லலாம் என்றால், நான் சொன்ன நிமிஷமே கல் விழுந்துவிடுமாம். வாயைத் திறந்தாலும் போகும், விரலை வைத்தாலும் போகும். நான் பேசாமல் இருந்தால்தான் உன் பேச்சு நிற்கும். பேசாமல் இருந்தால் அந்த மனுஷர் வீடு மூழ்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே நீ இன்னும் போகவில்லை, வராமல்தான் இருக்கிறாய். இந்த உலகத்தில் அப்படி இருக்கிற ஒரே இடம் அதுதான். சித்தி வீடு, கடை, எதிர்வீடு எல்லாவற்றிலும் நீ இல்லை. அங்கே மட்டும் யாரோ உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

சித்தியிடம் சொன்னேன். "பொம்மை ஆறு, பொம்மை வெள்ளம். இதுக்குப் போய் யாராவது சோறு தண்ணி இல்லாம இருப்பாங்களா? போனை அணைச்சிட்டுப் படு அக்கா" என்கிறாள். பொம்மை ஆறுதான். முழங்கால் வலி பொம்மை இல்லையே.

அம்மா


ஜூன் 27

நூல்கண்டு வீட்டுக்கு,

நலம் கேட்டு எழுத வேண்டும் என்று உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த வருஷம் ஆறு முன்னாலேயே ஏறுகிறது. துறையின் கடைசிப் படி தெரியவில்லை. நேற்றுத் திடலில் சத்தம். கொல்லர், "வராத ஆளுக்காக, இன்னொரு வராத ஆளு கல்லு வச்சா, வந்து நிக்கிற நாமெல்லாம் மூழ்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. விதைக்காரி அழுதுவிட்டார். இரண்டு பேர் வேறு குழுவுக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் இதற்கு மேல் எழுதவில்லை.

படகு


ஜூலை 1

ஆற்றங்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும்,

எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்களில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளைகள் என்று எழுதினேன். பெரியவர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நூல்கண்டு இல்லை. அவளைப் பெற்றவள். துணிக்கடையில் பேன்ட் மடித்துத் தைக்கிறேன், ஜிப் மாற்றுகிறேன். வீடெல்லாம் நூல்கண்டாக உருண்டு கிடக்கும், அதனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பாள்.

என் மகள் வராமல் இருக்கவில்லை. போய்விட்டாள். மார்ச் மாதம், வேலை பார்த்த இடத்தில் விழுந்தாள், ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. இதை எழுதினால் கல் விழும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இரண்டு மாதமாக எழுதாமல் இருந்ததும் தெரிந்துதான். காரணம் எனக்கும் சொல்லவில்லை அவள். ஆனால் காரணம் இல்லாமல் வைத்திருக்க மாட்டாள். சின்ன வயசிலிருந்தே அவள் ஒன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் கரையைக் கட்டுங்கள். யாரும் மூழ்க வேண்டாம்.

வீட்டை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு பச்சையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூல்கண்டின் அம்மா


ஜூலை 14

படகுக்காரர் அவர்களுக்கு,

முழங்கால் எப்படி? வீடு இருக்கிறதா?

ஒரு பதிலும் இல்லை. போனை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தைக்கிறேன். கோபமாக இருந்தால் கோபம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள். திட்டு வாங்குவது எனக்குப் பழக்கம்தான். திடலுக்குப் போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கல் கிடந்த இடம் வெறுமையாக இருந்தால் என்னால் பார்க்க முடியாது.

நூல்கண்டின் அம்மா


ஜூலை 17

அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் நலம், வீடும் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை தனியாக யாருக்கும் கடிதம் போடக் கூடாது என்பது இங்கே ஏற்பாடு. கூட்டம் நேற்றுத்தான் முடிந்தது. உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

திடலுக்குத் தைரியமாகப் போங்கள். அங்கே ஒரு கல் இருக்கிறது.

நீங்கள் எழுதியதை விதைக்காரி வாசித்தார். வாசித்து முடித்ததும் கல் விழுந்தது. கொல்லர்தான், "சரி, ரொம்ப வருத்தம்தான். நாளைக்கே கோடு போட்டுடலாம்" என்றார். நான் போய் அதே இடத்தில் என் கல்லை வைத்தேன்.

கொல்லர் பிடித்துக்கொண்டார். "உன் வீடுதானேய்யா முதல்ல போகும்! உனக்கென்ன கிறுக்கா?"

"இன்னையிலேர்ந்து நூல்கண்டு வீடும் வராத வீடுதான். அது கோட்டுக்கு வெளியே இருந்திருந்தா விட்டுடுவோமா, சொல்லு" என்றேன்.

அவர் ஆமை வீடு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ஆமை வீட்டைச் சுத்திக் கட்டணும்னா எத்தனை கூடை மண்ணு கூட வேணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோடு வளைந்துவிட்டது. மண் சுமக்க ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள் நீங்கள்தான் என்று எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள். பச்சைக் கதவு உங்களுடையது. அரிவாளை மட்டும் தொட வேண்டாம் என்று கொல்லர் தனியாகச் சொல்லச் சொன்னார்.

நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். அவள் எனக்கு எழுதியதெல்லாம் "படகு, மண் வேணும், சீக்கிரம்" என்கிற மாதிரிதான். ஒரு நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கேட்கிறவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். கேட்டால் கல் விழும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். கல்லை நிறுத்தி வைத்தது நீங்கள் மட்டும் இல்லை.

நீங்கள் கேட்ட தேதியைப் பார்த்துவிட்டேன். பிப்ரவரி ஏழு, சாயங்காலம். வைத்துவிட்டுப் போகும்போது என்னிடம், "படகு, நாளைக்கு நானே வராமப் போயிட்டா என் வீட்டையும் இப்படித்தான் விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, "நீ போனா நிம்மதி" என்று எழுதினேன். அதை இப்போது என்னால் அழிக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு


ஆகஸ்ட் 24

பொடிசு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை. கடைசியில் கேட்கிறேன்.

வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. கரை நின்றது. நானும் சுமந்தேனடி, ஒவ்வொரு கூடையாக. ஒரு தடவை கொல்லர் உலையிலேயே மண்ணைக் கொட்டிவிட்டேன். "அம்மா, அது ஆறு இல்ல, அடுப்பு" என்று கத்தினார். ஆமை வீட்டைச் சுற்றி நாங்கள் வளைத்த இடத்தில் தண்ணீர் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அங்கே விளக்கு ஏற்ற ஆள் இல்லை, ஆனாலும் வீடு இருக்கிறது. துறைப் பக்கம் கடைசியில் கொஞ்சம் நேரம் போதவில்லை. படகுக்காரர் வீடு தப்பியது, படகு போய்விட்டது. "படகு இல்லாத படகுக்காரன், பேரை மாத்தணும்" என்று சிரிக்கிறார். நாளையிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து புதுசு கட்டப் போகிறோம். நீ இருந்தால் "நிஜ வீட்டுல உலை வைம்மா முதல்ல" என்பாய்.

அந்தத் தேதியை வாசித்ததிலிருந்து மெஷினை ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தினால் அது வந்து முன்னால் நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய். சிரித்தாய். ஒன்றும் இல்லை என்றாய். சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்தாய். அப்போது கல்லை வைத்திருக்கிறாய். யாரோ முன்பின் தெரியாதவரிடம், நான் வராமல் போனால் என் வீட்டை விட்டுவிடுவீர்களா என்று கேட்டிருக்கிறாய். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நீ கழற்றிப் போட்ட சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டாக்டர், "இது இப்ப வந்தது இல்லம்மா" என்று சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்குகிறேன்.

கல்லுக்குக் காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று படகுக்காரருக்கு எழுதிவிட்டேன். அதை நீ சொல்ல வேண்டாம். ஏன் என்னிடம் மறைத்தாய் என்றும் கேட்க மாட்டேன், அது எனக்கே தெரியும். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நான் அந்த ஒரு நாளை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன் என்று சொன்னேனே. அதனால் கேட்கிறேன்.

"இன்னும் கொஞ்சம் வைம்மா" என்று தட்டை நீட்டினாயே, நிஜமாகவே பசித்துத்தான் கேட்டாயா, பொடிசு?